விளக்குக் கம்பம் யாருக்குச் சொந்தம்?



குடிநீருக்கு வரி உண்டு, பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டு, சில ஊர்களில் பூங்காவுக்குக்கூட நுழைவுக் கட்டணம் உண்டு. தெருவிளக்கின் கீழே நடந்துபோக மட்டும் யாரும் காசு கேட்பதில்லை. நீ யார், இந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்றும் கேட்பதில்லை. இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவருக்கும், மில்லில் ஷிப்ட் முடித்து வருகிற பெண்ணுக்கும், பேர் ஊர் விசாரிக்காமல் வெளிச்சம் கொடுத்து அனுப்புகிற பொதுச்சொத்து அது. இன்று அந்தக் கம்பத்தில் சிம் கார்டு ஏறியிருக்கிறது. சென்சார் ஏறுகிறது, கேமராவும் ஏறுகிறது. ஏறுவதற்கு நான் எதிரி இல்லை. அதனால் கிடைக்கும் நன்மை பெரிது என்று நம்புகிறவன். ஆனால் ஏறுகிறவற்றில் எது வெளிச்சத்துக்காக, எது நம்மைக் கவனிப்பதற்காக என்று தெரிந்துகொள்ளவும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு உரிமை வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 2015 ஜனவரி 5 அன்று நம் நாட்டில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. இ.இ.எஸ்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் முன்பணம் போட்டு எல்.இ.டி. விளக்குகளை மாட்டும், மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து நகராட்சி தவணையாகத் திருப்பிக் கொடுக்கும். இப்படி ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் நாடெங்கும் மாறின. அதே ஆண்டு ஜூன் 25 அன்று ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. 100 நகரங்கள், நம் மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி முதலாக 11. நாம் சீர்மிகு நகரத் திட்டம் என்கிறோம். 2025 மார்ச்சோடு அந்தத் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு கட்டுப்பாட்டு அறையும், சுவர் நிறையத் திரைகளும், சர்வர்களும் கட்டப்பட்டு நிற்கின்றன. திட்டம் முடிந்தாலும் அந்த அறை இருக்கத்தான் போகிறது. அதில் என்ன தெரிய வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும் என்ற முடிவு இனி நகராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. அதாவது, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் கையில்.

இப்போது தெருமுனைக்கு வருவோம். இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். சென்னையில் பில்லர் பாக்ஸ் என்போம். மேலே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும்; கதவுக்குப் பூட்டு இருக்காது, கம்பி சுற்றி வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு மீட்டர், வரிசையாக ஃபியூஸ் கட்டைகள், ஒரு கான்டாக்டர், ஒரு டைமர். மாலையில் டைமர் சொன்னால் கான்டாக்டர் ‘டக்’ என்று ஒட்டும்; அந்தப் பெட்டியைச் சேர்ந்த முப்பது நாற்பது விளக்கும் ஒன்றாக எரியும். இவ்வளவுதான் பழைய ஏற்பாடு. சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். ஜூலையில் ஆறரையைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். டைமரை வருஷத்துக்கு நாலு முறையாவது திருத்தி வைக்க வேண்டும். மின்தடை வந்தால் பழைய டைமர் அத்தனை நேரம் பின்தங்கிப் போகும். பட்டப்பகலில் தெருவிளக்கு எரிவதைப் பார்த்து, ‘கேட்பாரே இல்லை’ என்று நாம் வருந்துகிறோமே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சின்ன டைமர்தான். லைன்மேன் வேண்டுமென்று விட்டதல்ல. ஒரு பகுதிக்கு ஓர் ஆளும் ஒரு ஏணி வண்டியும் இருந்தால், அவர் எத்தனை பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்?

இதற்கு முதல் மருந்து, பெட்டிக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வைப்பது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு அன்றைய சூரிய உதயத்தையும் மறைவையும் அதுவே கணக்குப் போட்டு விளக்கேற்றும். எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்து, சிம் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, அங்கே சுமார் 92,000 விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினார்களே, அங்கும் பெட்டி அளவில் இப்படித்தான் செய்தார்கள். நம் நாட்டில் ‘ஸ்மார்ட் விளக்கு’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த வகை. இது மலிவு, பயனும் உண்டு. ஆனால் பெட்டிக்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே. நாற்பதில் மூன்று அணைந்திருக்கிறது என்று சொல்லும். எந்த மூன்று என்று சொல்லாது. பள்ளிக்கூட வாசலில் இருக்கும் விளக்கும் காலி மனை ஓரத்தில் இருக்கும் விளக்கும் அதற்கு ஒன்றுதான்.

இரண்டாவது வகையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே அறிவு கொடுக்கிறார்கள். புதிய எல்.இ.டி. விளக்கின் முதுகில் ஒரு வட்டமான குழி இருக்கும். ஏழு தொடுமுனை. மூன்று, மின்சாரம் வந்து போக. மீதி நான்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் சென்சார் பேசவும். அதில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பாவை வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். இந்த டப்பா தன் விளக்கு இழுக்கும் மின்னோட்டத்தை ஓயாமல் அளக்கிறது. ‘எரி’ என்று சொல்லியும் மின்னோட்டம் பூஜ்யம் என்றால் விளக்கு போய்விட்டது. மின்னழுத்தமே இல்லை என்றால் விளக்கின் மேல் தப்பில்லை, சப்ளை இல்லை. வரிசையாக இருபது டப்பாக்கள் ஒரே நொடியில் மௌனமானால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது பில்லர் பாக்ஸில் ஃபியூஸ் போயிருக்கிறது. எரிகிறது, ஆனால் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் உள்ளே எல்.இ.டி. வரிசைகளில் ஒன்று செத்திருக்கிறது; கொஞ்ச நாளில் மீதியும் போகும். ஏணி வண்டி கிளம்பும் முன்பே எந்தச் சாமானை ஏற்றிக்கொண்டு போவது என்று தெரிந்துவிடுகிறது. மின்துறையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

மின்சாரச் சேமிப்பையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு லட்சம் விளக்குகள், சராசரி 100 வாட், இரவுக்கு 11 மணி நேரம் என்றால் வருஷத்துக்கு ஏறத்தாழ 4 கோடி யூனிட். நடமாட்டம் குறைந்த நள்ளிரவு முதல் ஐந்து மணிவரை, அத்தனை விளக்கிலும் வெளிச்சத்தை 40 சதவீதம் குறைத்தால் ஏறத்தாழ 73 லட்சம் யூனிட் மிச்சம். ஆனால் எந்தத் தெருவில் குறைப்பது? இதைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு பொத்தானில் முடிவு செய்யக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளின் கணக்கை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. இரவில் விளக்கைக் குறைத்ததாலோ அணைத்ததாலோ விபத்தும் குற்றமும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. 2016இல் நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகள் வைத்துச் சோதித்தபோது, வெளியிடங்களில் இரவு நேரக் கடுங்குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இரண்டும் உண்மை. இடம் வேறு, தேவை வேறு. எந்தச் சந்தில் பெண்கள் இரவு பத்து மணிக்கு நடக்கத் தயங்குகிறார்கள் என்பது எந்தச் சென்சாருக்கும் தெரியாது. அங்கே பூக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியும். டெல்லியில் கல்பனா விஸ்வநாத் தொடங்கிய ‘சேஃப்டிபின்’ இந்த வழியில் நல்ல வேலை செய்தது. வாடகைக் கார்களில் கேமரா வைத்து இரவுச் சாலைகளைப் படமெடுத்து, பெண்களே தெருத்தெருவாக மதிப்பிட்ட விவரத்தோடு சேர்த்து, எங்கெங்கே இருட்டு என்று அரசின் கையில் பட்டியல் கொடுத்தார்கள். விளக்கு வந்தது. தகவல் மக்களிடமிருந்து கிளம்பி நகராட்சிக்குப் போய், வெளிச்சமாகத் திரும்பி வந்த கதை இது.

கட்டுப்படுத்தக்கூடிய விளக்கின் அருமை மனிதருக்கு மட்டும் இல்லை. நம் கடற்கரையில் ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சு பொரித்து மணலுக்கு மேலே வந்ததும், எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். பல கோடி ஆண்டுகளாக அந்தப் பக்கம் கடல் இருந்தது. இப்போது சாலையும் உயர்கோபுர விளக்கும் இருக்கின்றன. உள்ளங்கையில் பாதி அளவுக்கு இருக்கும் அந்தக் குஞ்சு, தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தார்ச்சாலையை நோக்கித் தவழ்கிறது. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவிரவாகக் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஆமைகள் வரும் அந்தச் சில மாதங்களுக்கு, கடலைப் பார்த்த விளக்குகளை மட்டும் தேர்ந்து, குறிப்பிட்ட மணி நேரங்களுக்குத் தணிக்க முடியும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையில் செய்வதுபோல் செம்மஞ்சள் நிற விளக்காகவும் மாற்ற முடியும். இணைக்கப்பட்ட விளக்குக்கு இது நாலு வரி அட்டவணை. இதற்காகவே அந்தத் தொழில்நுட்பத்தை வரவேற்பேன்.

சரி, இனி கம்பத்தில் ஏறும் மற்ற சாமான்களுக்கு வருகிறேன். விளக்குக் கம்பம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது, உயரமானது, மின்கம்பி ஏற்கெனவே அதுவரை வந்திருக்கிறது. நகரத்தில் எதையாவது அளக்கவோ பார்க்கவோ விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. காற்று மாசு, மழையளவு, வாகன எண்ணிக்கை, வைஃபை, கேமரா எல்லாவற்றுக்கும் அதுதான் தாங்கல். இதில் என்ன நடக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தைவிட நல்ல பாடம் இல்லை. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

2016 டிசம்பரில் அந்த நகர மன்றம் ஏறக்குறைய 3 கோடி டாலர் செலவில் ஒரு தெருவிளக்குத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மின்சாரம் மிச்சமாகும், 3,000க்கும் மேற்பட்ட கம்பங்களில் சென்சார் வைத்துப் போக்குவரத்தையும் வாகன நிறுத்துமிடங்களையும் கணக்கெடுக்கலாம், அந்தப் புள்ளிவிவரத்தைக் கொண்டு இளைஞர்கள் செயலிகள் செய்வார்கள். மன்றத்தின் முன் வைத்த காரணங்கள் இவை. யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. விளக்குத் திட்டத்தை யார் எதிர்ப்பார்கள்? ஆனால் வண்டிகளை எண்ணும் அந்தச் சென்சார் வீடியோ கேமராவாலேயே எண்ணியது. சில நாள் வீடியோ கம்பத்திலேயே தங்கும். 2018இல் ஒரு கொலை வழக்கை விசாரித்த போலீசார், சம்பவ இடத்துக்கு அருகே இருந்த கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான வழக்குகளில் அந்த வீடியோவைப் பெற்றார்கள். இதைத் தடுக்கவோ நெறிப்படுத்தவோ நகர மன்றத்தின் விதி ஒன்றும் அப்போது இல்லை. தங்கள் தெருவிளக்கில் கேமரா இருக்கிறது என்பதே நகரவாசிகளில் பெரும்பாலோருக்கு 2019இல்தான் தெரிய வந்தது. 2020இல் கறுப்பின மக்களுக்கான நீதி கேட்டு நடந்த ஊர்வலங்களின்போதும் போலீசார் அந்த வீடியோக்களைத் தேடினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த முதல் வழக்கிலேயே, கைதானவர் தற்காப்புக்காகத்தான் தாக்கினார் என்று வீடியோ காட்டி, அவர் விடுதலையானார். கேமராவால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்மை இருக்குமானால், அதைச் சொல்லியே மக்களிடம் அனுமதி கேட்டிருக்கலாமே! போக்குவரத்து என்று சொல்லி மாட்டியதைப் புலனாய்வுக்கு எடுத்தபோது மனிதர்களின் நம்பிக்கை போயிற்று. அது போனால் மின்சாரச் சேமிப்பும் சேர்ந்தே போகிறது. ஏனென்றால் அடுத்த விளக்குத் திட்டத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

2020 செப்டம்பரில் மேயர் கெவின் ஃபால்கனர் அந்தக் கேமராக்களை நிறுத்த உத்தரவிட்டார். அப்போது ஒரு பொறியியல் சிக்கல் வெளியே வந்தது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கும் விளக்குக்கும் ஒரே மின்வழி. கேமராவை அணைத்தால் விளக்கும் அணையும். தெருவை இருட்டாக்காமல் கண்ணை மூட முடியவில்லை. வீடியோவை எடுப்பதைத் தடை செய்ய முடிந்தது. கம்பத்தின் மேல் கருவி ஓடுவதை நிறுத்த நகரத்தால் முடியவில்லை. 2022இல் கண்காணிப்புக் கருவிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டு, குடிமக்கள் அடங்கிய ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். 2023இல் அந்தக் குழு வேண்டாம் என்று சொல்லியும், வண்டி எண்ணைப் படிக்கும் வசதியோடு 500 கேமராக்களை விளக்குக் கம்பங்களில் மாட்ட மன்றம் ஒப்புதல் கொடுத்தது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஆனாலும் இந்த முறை கேமரா என்று பெயர் சொல்லி, மக்கள் நேரில் வந்து மணிக்கணக்கில் பேசியபின் எடுத்த முடிவு அது. 2016க்கும் 2023க்கும் உள்ள அந்த வித்தியாசம் பெரியது.

ஹாங்காங்கில் வேறு மாதிரி முடிந்தது. 2019இல் அங்கே 400 ஸ்மார்ட் கம்பங்கள் நடத் திட்டமிட்டு, முதல் தொகுதி குவுன் டாங், காய் டாக் பகுதிகளில் இயங்கத் தொடங்கியது. முகம் அடையாளம் காணும் வசதி இதில் இல்லை என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. அரசின் மேல் நம்பிக்கை இழந்திருந்த காலம், யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் 24 அன்று ஊர்வலத்தில் வந்தவர்கள் கம்பத்தை ரம்பத்தால் அறுத்து, கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். சாய்ந்ததும் சுற்றி நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பொதுச்சொத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறிய, அதை அறுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

விளக்கை இப்படி உடைத்ததற்கு முன்னுதாரணமும் உண்டு. பாரிஸ் நகரம் முழுவதும் தெருவிளக்கு வந்தது 1667இல். அதைக் கொண்டுவந்தவர் லா ரேனி. அந்நகரின் முதல் போலீஸ் தலைவர். அரசர் பதினான்காம் லூயியின் ஆட்சி. தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கிய மெழுகுவர்த்தி விளக்கு, இரவில் நடமாடுகிறவர்களை அரசு பார்ப்பதற்கான கருவியாகவும் இருந்தது. அதனால்தான் 1830 ஜூலைப் புரட்சியில் கலகக்காரர்கள் தெருத்தெருவாக விளக்குகளை உடைத்தார்கள். வெளிச்சமும் காவலும் ஒரே கயிற்றில் தொங்குவது புதிய சங்கதி இல்லை. நமக்கு இன்று இருக்கும் வசதி, இரண்டையும் தனித்தனி இழையாகப் பிரித்துவிட முடியும் என்பது.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்பிரஹாம் என்ற ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்றே கணினியில் இணைத்த சுமார் 7,000 விளக்குகள். 2021 ஆகஸ்டில் அந்த மென்பொருள் பழுதானது. பழுதானால் எல்லா விளக்கும் எரிய வேண்டும் என்பது அதன் அமைப்பு. ஏறத்தாழ ஒன்றரை வருஷம் இரவும் பகலும் அத்தனை விளக்கும் எரிந்தன. ஆசிரியர்கள் கைக்கு எட்டும் பல்புகளைக் கழற்றி வைத்தார்கள். அமைத்துக் கொடுத்த நிறுவனம் கைமாறியிருந்தது; அதன் மொழி தெரிந்த வேறு ஆளும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இப்படி என்றால் ஒரு மாநகராட்சிக்கு? டப்பா ஒரு நிறுவனத்துடையது, சர்வர் மென்பொருள் இன்னொன்றுடையது என்றாலும் இரண்டும் பேசிக்கொள்வதற்குத் திறந்த பொதுமொழிகள் இருக்கின்றன. 2012இல் தொடங்கிய டால்க் கூட்டமைப்பு இதற்கென்றே உழைக்கிறது. டெண்டரில் இந்த ஒரு நிபந்தனை விடுபட்டால், ஒப்பந்தக் காலம் முடியும் நாளில் நகரத்தின் விளக்குச் சாவி இன்னொருவர் பையில் இருக்கும்.

டெட்ராய்ட் நகரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2013இல் திவாலான அந்த ஊரில் அப்போது விளக்குகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் எரியவில்லை. 2016 முடிவுக்குள் 65,000 எல்.இ.டி. விளக்குகள் ஏற்றி ஊரையே மீட்டார்கள். அதில் ஆயிரக்கணக்கானவை சொன்ன ஆயுளுக்கு வெகு முன்பே மங்கி, கருகி, 2019இல் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட வேண்டியதாயிற்று. விளக்கு மாட்டும் விழாவுக்குக் கிடைக்கும் பணம், பராமரிப்புக்கும் கிடைக்க வேண்டும்.

இனி நம் ஊர். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அதன் 17ஆம் பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குப் பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி விலக்களிக்க இடம் தருகிறது. ஆகவே டெல்லிச் சட்டத்தை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. நகராட்சி மன்றத் தீர்மானத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வந்தன. பகுதி சபையில் மக்கள் எழுந்து கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை’ என்பதுதான். விளக்குக்கு விளக்கு டப்பா மாட்டிய தெருவானால், கட்டுப்பாட்டு அறைக்கு அது முன்பே தெரியும். தெரிந்த தகவலை வார்டு வாரியாக, எந்தக் கம்பம், எப்போது அணைந்தது, எப்போது சரிசெய்தார்கள் என்று மாதாமாதம் சபையில் வையுங்கள் என்று கேளுங்கள். விளக்கைப் பற்றிய தகவலில் மறைக்க ஒன்றும் இல்லை. அது முழுக்க வெளியே வரட்டும். மனிதரைப் பற்றிய தகவல் வேறு. கம்பத்தில் விளக்குக்கு மேல் எது ஏறினாலும், அதற்குத் தனித் தீர்மானம் கேளுங்கள். அது எதைப் பதிவு செய்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கும், யார் கேட்டால் கொடுப்பார்கள் என்று தீர்மானத்தில் எழுதியிருக்க வேண்டும். கம்பத்திலேயே, ஆள் படிக்கும் உயரத்தில், தமிழில் ஒரு தகடும் வேண்டும்.

இங்கே பொறியியல் மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நாளைக்கு இந்த டெண்டர்களை எழுதப் போகிறவர்கள் நீங்கள். சான் டியேகோவில் விடுபட்டது ஒரு சின்ன விஷயம்: கேமராவுக்குத் தனி மின்வழி, தனி ஃபியூஸ், கட்டுப்பாட்டு அறையிலிருந்து துண்டிக்க ஒரு ரிலே. கம்பத்தின் மொத்தச் செலவில் அதன் விலை கண்ணுக்கே தெரியாது. மாட்டிய பிறகு சேர்ப்பதற்கு மட்டும் ஊர் முழுக்க ஏணி வைக்க வேண்டும். ஆகவே வரைபடத்தின் முதல் தாளிலேயே அதைப் போடுங்கள்.